பள்ளி மாவட்டம் என்ன நினைக்கிறது?

அமெரிக்காவில் 13,000-க்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்கள், அதாவது ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாக அமைப்புகள், இருக்கின்றன. பிள்ளைகளை ஏற்றிச்செல்லும் பேருந்து டீசலில் ஓடுவதா மின்சாரத்தில் ஓடுவதா, பள்ளிக் கூரையில் சூரியத் தகடு பதிப்பதா என்பன போன்றவற்றை அங்கே முடிவுசெய்வது, பெரும்பாலும் உள்ளூர் வாக்காளர்கள் தேர்ந்தெடுத்த கல்வி வாரியமே. ஊரார் இதற்கு ஒப்புவார்களா என்று அறிய வாரியத்திடம் இருப்பதோ, கூட்டத்துக்கு வந்து ஒலிவாங்கியைப் பிடிக்கும் சிலரின் பேச்சுதான்.

யேல் பல்கலைக்கழகத்தினர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2015இல் ஒரு வழி காட்டினார்கள். நாடு முழுவதும் 12,000 பேருக்கு மேல் கேட்ட கருத்துக்கணிப்புகளைக் கொண்டு, கவுண்டி (மாநிலத்துக்குள் அடங்கிய நிர்வாகப் பகுதி) அளவுவரை பருவநிலை மாற்றம் குறித்த கருத்தை மதிப்பிட்டார்கள். அத்தனை பேரையும் பள்ளி மாவட்டங்களுக்குப் பங்கிட்டால் மாவட்டத்துக்கு ஓர் ஆள்கூடத் தேறமாட்டார். ஆகவே வயது, பால், கல்வி, இனம், வசிப்பிடம் ஆகியவற்றுக்கேற்பக் கருத்து எப்படி மாறுகிறது என்று முதலில் கணித்து, ஓர் ஊரில் அத்தகையோர் எத்தனை பேர் என்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தரும் எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டுகிறார்கள். பள்ளி மாவட்டவாரியாகவும் அந்த விவரம் வெளியாவதால், இதே வழியில் அங்கும் இறங்கலாம்.

இறங்கலாம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை; கிடைக்கும் எண்ணை எவ்வளவு நம்புவது என்பதில்தான் தயக்கம். வயதிலும் படிப்பிலும் ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு மாவட்டங்களில், ஒன்றில் மட்டும் வெள்ளம் புகுந்து வகுப்பறைத் தரை பெயர்ந்து, ஒரு பருவம் முழுக்கப் பள்ளி வேறிடத்தில் நடந்தது என்று வைத்துக்கொள்வோம். அந்த வெள்ளத்தைக் கண்ட பெற்றோரும் காணாத பெற்றோரும் இந்தக் கணக்குக்கு ஒன்றே. கவுண்டி அளவிலேயே சுமார் 8 விழுக்காட்டுப் புள்ளி பிழை வரக்கூடும் என்று ஆய்வாளர்களே சொல்லியிருக்கும்போது, 54 விழுக்காட்டுக்கும் 49 விழுக்காட்டுக்கும் வரைபடத்தில் வெவ்வேறு நிறம் பூசுவதில் பொருளில்லை.

கேள்வியிலும் சிக்கல் உண்டு. மின்சாரப் பேருந்து வேண்டுமா என்று மொட்டையாகக் கேட்டால் வரும் பதில் ஒன்று. அதன் விலை டீசல் பேருந்தைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு, மானியம் கிடைக்காவிட்டால் சொத்துவரி உயரலாம் என்று சேர்த்துக் கேட்டால் வரும் பதில் வேறு. வாரியத்துக்கு உதவுவது இரண்டாவதுதான்.

நானாக இருந்தால், குலுக்கல் முறையில் 400 பேரைத் தேர்ந்து நேரடியாகக் கேட்பேன். பிழை ஏறத்தாழ 5 புள்ளிக்குள் நிற்கும். கூடவே, உங்கள் ஊரில் நூற்றுக்கு எத்தனை பேர் இதை ஆதரிப்பார்கள் என்றும் கேட்பேன். 2022இல் வெளியான ஓர் ஆய்வில், முக்கியப் பருவநிலைக் கொள்கைகளுக்கு 66 முதல் 80 விழுக்காடு அமெரிக்கர்களின் ஆதரவு இருந்தும், மக்கள் ஊகித்தது 37 முதல் 43 விழுக்காடுதான். வாரிய உறுப்பினர்களிடமும் அதே கேள்வியைத் தனித்தனியே கேட்டு, இரண்டு விடைகளையும் அடுத்த கூட்டத்துக்கு முன்பே அவர்கள் மேசையில் வைத்துவிடுவேன்.