நிறைந்த பாட்டில்

சாயங்காலம் நாலு மணி. காரைக்குடி வெயில் இன்னும் இறங்கவில்லை. பஸ்ஸுக்கு நின்ற என் மாணவியின் கையில் தண்ணீர் பாட்டில். காலை வகுப்பில் பார்த்த அதே அளவு, கழுத்து வரை.

"ஏம்மா குடிக்கல?"

"குடிச்சா போகணும்ல மிஸ்."

அவள் திருநங்கை. ஆண்கள் பக்கம் போனால் கிண்டல். பெண்கள் பக்கம் போனால் முறைப்பு. வீடு போய்ச்சேர ஆறு மணியாகும்.

திருநங்கையருக்குக் கழிப்பறை வசதி செய்து தரணும் என்று 2014 ஏப்ரலிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அவர்களுக்கென்று தனிப் பலகை மாட்டினால், உள்ளே போகிறவளை எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். யாரும் போகலாம் என்கிற ஓர் அறைதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

எங்க ஆயா வீட்டில் விசேஷம் என்றால் முகப்பிலிருந்து இரண்டாங்கட்டு வரை ஆட்கள். கிணற்றடியில் ஒரே கழிப்பறை. பெரியப்பா வெளியே வந்தால் சித்தி உள்ளே போவார். கதவில் படம் கிடையாது. உள்ளே நல்ல தாழ்ப்பாள் இருந்தது.

எங்கள் கல்லூரியிலும் மாடிப்படிக்குக் கீழே அப்படி ஒரு கழிப்பறை இருக்கிறது, உடைந்த நாற்காலிகளைப் போட்டுப் பூட்டி. காலி செய்து, தாழ்ப்பாள் மாட்டி, வெறுமனே 'கழிப்பறை' என்று எழுதினால் போதும்.

கடிதம் எழுதிவிட்டேன். நாளைக் காலை முதல் வேலையாக நேரில் கொடுக்கிறேன்.