ரெட் பாரன் விழுந்த மேடு: கோர்பிக்குப் போகிறவர்களுக்கு

முதல் உலகப் போரின் ஜெர்மன் விமானி மான்ஃப்ரெட் ஃபொன் ரிக்தோஃபன்தான் ரெட் பாரன். அவர் விழுந்த இடத்தைப் பார்க்க, பிரான்சின் அமியானிலிருந்து உள்ளூர் ரயிலில் கிழக்கே போனால் சீக்கிரமே கோர்பி வந்துவிடும். அங்கிருந்து பிரே ஊருக்குப் போகும் டி1 சாலை மேடேறுகிறது. சைக்கிள் போதும். வோ-சூர்-சொம் கிராமத்துக்கு மேலே, பழைய செங்கல் சூளை அருகே, சாலையோரத்தில் ஒரு தகவல் பலகை. அவ்வளவுதான். நினைவு மண்டபத்தை எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள்.

ஆனால் இங்கே பார்க்க வேண்டியது பலகையை அல்ல, நிலத்தை. தெற்கே கீழே சொம் ஆறு வளைந்து வளைந்து போகிறது. 1918 ஏப்ரல் 21 காலை, 80 விமானங்களை வீழ்த்திய மான்ஃப்ரெட் ஃபொன் ரிக்தோஃபன், வில்ஃப்ரிட் மே என்ற பிரிட்டிஷ் விமானப்படைப் புதுமுக விமானியை அந்தப் பள்ளத்தாக்கு வழியாகத் துரத்தி வந்தார். மேயின் துப்பாக்கிகள் சிக்கிக்கொண்டதால் ஓடுவதைத் தவிர அவருக்கு வழியில்லை. இந்தப் பகுதியில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்துதான் வீசும். அன்று கிழக்கிலிருந்து வீசியது. துரத்தியவரை அது எதிரி எல்லைக்குள் தள்ளிக்கொண்டே போனது. எதிரிப் படைக்கு மேல் தாழப் பறக்கக் கூடாது என்பது பிறருக்கு அவரே சொன்ன பாடம்.

சுட்டது யார்? கனடியரான ராய் பிரவுன் மேலிருந்து பாய்ந்து சுட்டார்; பிரிட்டிஷ் விமானப்படை அவர் பெயரில்தான் எழுதிக்கொண்டது. குண்டைப் பார்த்து முடிவு சொல்ல முடியாது. பிரவுனின் விமானத்திலும் தரையிலிருந்த ஆஸ்திரேலியர்களிடமும் இருந்தது அதே .303 தோட்டாதான். உடலை அறுத்துச் சோதிக்கவுமில்லை; காயத்தை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. குண்டு வலது அக்குளுக்குக் கீழே நுழைந்து இடது மார்பில் வெளியேறியிருந்தது. அப்படி அடிபட்டவர் அரை நிமிடம் தாங்கினாலே அதிகம். பிரவுன் சுட்ட பிறகும் துரத்தல் அதைவிட நீண்டது. ரிக்தோஃபன் மேட்டைத் தாண்டி, கிழக்கே திரும்பியபோதுதான் அவருடைய வலப்பக்கம் தரைக்குத் தெரிந்தது. அப்போது தரையிலிருந்து விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டவர் ஆஸ்திரேலிய சார்ஜெண்ட் செட்ரிக் பாப்கின். இந்த மேட்டில் நின்று திசைகளைச் சரிபார்த்தால் என் ஓட்டும் அவருக்கே.

ரிக்தோஃபனின் 425/17 எண்ணிட்ட ஃபோக்கர் மூவிறக்கை விமானம் நொறுங்கிச் சிதறவில்லை, தட்டுத்தடுமாறித் தரையிறங்கியது. பிய்த்துத் தீர்த்தவர்கள் நினைவுப்பொருள் தேடிய சிப்பாய்கள்! எஞ்சின் இன்று லண்டனில், இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சாலையை விட்டு வயலில் இறங்காதீர்கள். அது தனியார் நிலம். தவிர, சொம் வட்டாரத்தில் இன்னும் ஏர்முனையில் வெடிக்காத குண்டுகள் வருகின்றன. துருப்பிடித்த இரும்பு எதையும் தொடக் கூடாது.

மறுநாள் ஆஸ்திரேலியர்கள் ராணுவ மரியாதையோடு ரிக்தோஃபனை அடக்கம் செய்த பெர்தாங்கிள், அமியானுக்கு வடக்கே இருக்கிறது. உடல் அங்கே இல்லை: ஃப்ரிகூர், 1925இல் பெர்லின், 1975இல் வீஸ்பாடன் என்று மாறிப் போய்விட்டது. ஒரே நாள்தான் கையில் என்றால் பெர்தாங்கிளை விட்டுவிட்டு, கோர்பிக்குத் தெற்கே வில்லர்ஸ்-பிரெத்தனோவில் உள்ள ஆஸ்திரேலிய நினைவிடத்துக்குப் போங்கள்.