கேட்காதவர்களின் பசி

‘வாடிய பயிரைக் கண்டபோதெல்லாம் வாடினேன்’ என்ற வள்ளலாரின் வரியை அறியாத தமிழர் குறைவு. ஆனால் அந்த ஒரு வரியோடு நாம் நின்றுவிடுகிறோம் என்பதில் எனக்கு நெடுநாளாகவே ஒரு குறை உண்டு. அந்தப் பாடல் பயிரில் தொடங்கி, வீடுதோறும் இரந்தும் பசி தீராமல் அயர்ந்தவர்களிடம் வந்து, நீண்ட பிணியால் வருந்துவோரைக் கண்டு துடித்து, ‘ஈடின் மானிகளாய் ஏழைகளாய் நெஞ்சிளைத்தவர் தமைக் கண்டே இளைத்தேன்’ என்று முடிகிறது. பயிர் வாடுவது கண்ணுக்குத் தெரியும். இரப்பவர் வாய்விட்டுக் கேட்கிறார். நோயாளியின் உடம்பே சொல்லிவிடுகிறது. மானத்தை விடாமல் வறுமையில் மெலிபவரோ எதையும் வெளியே காட்டுவதில்லை. அவரைக் கண்டுகொள்ள நமக்குள்ளே ஏதோ ஒன்று விழித்திருக்க வேண்டும். உள்ளத்தின் குரலைக் கேட்டுப் பிறருக்கு உதவுவது என்று யாராவது பேசினால் எனக்கு நினைவுக்கு வருவது இந்தக் கடைசி வரிதான்.

அந்த விழிப்பு ஏன் எல்லோரிடமும் இருப்பதில்லை என்பதை வள்ளலார் ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ என்ற உரைநடை நூலில் தாமே கேள்வியாக எழுப்பி விடை சொல்கிறார். பிற உயிர் துன்புறுவதைக் கண்டும் சிலர் இரங்காமல் இருப்பது, ஆன்ம அறிவென்னும் கண் அஞ்ஞானமாகிய காசம் என்னும் கண்ணோயால் ஒளி மழுங்கியிருப்பதாலும், அதற்குத் துணையான மனம் முதலியவை தடித்த மூக்குக்கண்ணாடிகளாகிவிட்டதாலும்தான் என்கிறார். இரக்கம் இல்லாதவரை அவர் பழிப்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லா உயிர்களும் ஒரே உரிமையுள்ள சகோதரர்கள் என்ற உறவு அங்கேயே இருக்கிறது, அதைக் காணும் பார்வைதான் மங்கியிருக்கிறது என்பது அவருடைய நிலைப்பாடு. அதே நூலில் பசி முற்றியவரின் கண் பஞ்சடைந்து குழிவது, காது அடைப்பது, நா வறள்வது, கைகால் துவள்வது, பேச்சு குளறுவது என ஒவ்வொன்றையும் ஒரு மருத்துவரைப் போல வரிசைப்படுத்துகிறார். மூலிகைகளின் குணங்களை எழுதிவைத்தவருக்கு அது இயல்பாகவே வந்திருக்கும். என்னைப் பொறுத்தவரை அந்நூலின் உயிரே இந்தப் பகுதிதான், ஏனெனில் உள்ளத்தின் குரல் உண்மையானது என்றால் அது நம்மை எதிரில் இருப்பவரின் உடம்பு வரை கொண்டுபோய் நிறுத்த வேண்டும்.

1867 மே 23 அன்று வடலூரில் பசித்தவர்களுக்குச் சோறிடும் தருமசாலையை அவர் தொடங்கியதும் அப்படித்தான். பார்வதிபுரத்து மக்கள் ஏறத்தாழ 80 காணி நிலம் கொடுத்தார்கள். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் காக்கப்பட்டு வருகிறது. அவர் அமைத்த வழிபாட்டிடமான சத்திய ஞான சபை 1872இல்தான் எழுந்தது. வழிபாட்டிடத்துக்கு முன்பே அடுப்பு வந்துவிட்டது என்ற அந்த வரிசை எனக்கு மிகவும் பிடித்தது.

உள்ளுணர்வு என்ற பெயரில் நம் தற்பெருமையும் பேசும் என்பதை மறுப்பதற்கில்லை. அன்னதானத்துக்கு எவ்வளவு கொடுப்பது, பெயர்ப்பலகை எங்கே வைப்பது என்றெல்லாம் உள்ளே ஒரு குரல் யோசனை சொல்கிறது. அதுவும் கனிவான குரலில்தான் சொல்கிறது. அந்தக் குரல் என் மனக்கண்ணில் யாரை நிறுத்துகிறது என்று நான் பார்ப்பதுண்டு. கொடுக்கும் நானே நடுவில் நின்றால் சற்றுப் பொறுத்திருப்பேன். எதிரில் இருப்பவரின் வெடித்த உதடோ, மூன்று நாளாகத் துவைக்காத சட்டையோ தெரிந்தால் கிளம்பிவிடுவேன்.

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த பிறகு, நண்பர்களுடன் அரிசியும் பாயும் ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போயிருந்தேன். மின்சாரம் வரவில்லை, பார்த்த இடமெல்லாம் தென்னைகள் வேரோடு சாய்ந்து கிடந்தன. சாலையோரத்தில் எங்கள் வண்டிக்கு முன் வரிசை நின்றது. சற்றுத் தள்ளி வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் வரிசையில் சேராமல் வருகிறவர்களுக்கெல்லாம் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தார். அறுவடைக் காலத்தில் பத்துப் பேருக்குச் சோறு போட்டுப் பழகிய கை அது என்பது பார்த்தவுடனே தெரிந்தது. அவரிடம் ஒரு பையை நீட்டியிருந்தால் வாங்கியிருக்கமாட்டார். நீட்ட வேண்டாம் என்று மனம் சொல்லிற்று, பக்கத்தில் போய் உட்கார்ந்து, “தோப்பு எவ்வளவுங்க ஐயா?” என்று மட்டும் கேட்டேன்.

வெகுநேரம் மரங்களைப் பற்றியே பேசினார். எந்த வரிசையை அவருடைய அப்பா நட்டார், எந்தக் கன்று இப்போதுதான் பாளை விட்டது என்பதெல்லாம் வந்தது. கடைசியில், “அரிசி கெடக்குதுங்க தம்பி, விழுந்த மரத்தை அறுத்து எடுத்தாத்தானே மறுகன்னு வைக்க முடியும்? அதுக்கு ஆளும் கெடைக்கல, மிஷினும் கெடைக்கல” என்றார். ஊருக்குத் திரும்பியதும் அரிசி சேர்ப்பதை நிறுத்திவிட்டு, கையில் மிஞ்சியிருந்த பணத்தில் மரம் அறுக்கும் இயந்திரங்களையும் அவற்றை ஓட்டத் தெரிந்த ஆட்களையும் வாடகைக்குப் பிடித்து அந்த ஊருக்கு அனுப்பினோம்.