ஸ்லோ மோஷன்: முதலில் இணைப்பதா, முதலில் மெதுவாக்குவதா?

ஒரு ஓட்டத்தை நொடிக்கு 120 ஃபிரேமில் நான்கு கோணங்களில் எடுத்திருக்கிறோம். ஒவ்வொரு கிளிப்பையும் தனியாக மெதுவாக்கினால் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. நான்கையும் வெட்டிச் சேர்த்து ஒன்றாக்கி வேகத்தைக் குறைத்தால் மட்டும் திக்கித் திக்கிப் போகிறது. கேமராவையோ கம்ப்யூட்டரையோ சந்தேகிப்பதற்கு முன் வலது அம்புக்குறி விசையைத் தட்டி ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள். ஐந்து தட்டுக்கு ஒருமுறைதான் படம் மாறுகிறது என்றால், சேர்த்த விதத்தில்தான் கோளாறு.

அடோபி பிரீமியர் என்ற எடிட்டிங் மென்பொருளில், 24 ஃபிரேம் டைம்லைனில் (கிளிப்களை அடுக்கும் இடம்) கிளிப்களைத் தேர்ந்தெடுத்து 'நெஸ்ட்' (பலவற்றை ஒரே கிளிப்பாக்குவது) கொடுத்ததும் உருவாகும் புதிய சீக்வென்ஸ் (வெட்டிச் சேர்த்த தொகுப்பு), தாய் டைம்லைனின் 24-ஐயே எடுத்துக்கொள்ளும். நொடிக்கு இருந்த 120 ஃபிரேமில் 96 அந்த இடத்திலேயே போய்விடும். பிறகு 20 சதவீத வேகம் கொடுத்தால், மிஞ்சிய ஒவ்வொரு ஃபிரேமும் ஐந்து முறை திரும்பத் திரும்ப வரும். டாவின்சி ரிசால்வ் மென்பொருளில் நெஸ்டுக்கு இணையான காம்பவுண்ட் கிளிப்பிலும் இதே சிக்கல்தான்.

சுலபமான வழி, டைம்லைனுக்கு வருவதற்கு முன்பே மெதுவாக்கிவிடுவது. பிரீமியரில் எல்லா கிளிப்களையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து 'மாடிஃபை', 'இன்டர்ப்ரெட் ஃபுட்டேஜ்' போய் 24 என்று கொடுங்கள். ரிசால்வில் மீடியா பூலில் 'கிளிப் ஆட்ரிபியூட்ஸ்' திறந்து ஃபிரேம் ரேட்டை மாற்றலாம். இரண்டு நொடி ஓட்டம் பத்து நொடியாகும், ஒரு ஃபிரேம்கூட வீணாகாது. அதன்பின் எப்படி வேண்டுமானாலும் வெட்டி இணைக்கலாம். அதே கிளிப் இயல்பான வேகத்திலும் தேவைப்பட்டால், மாற்றுவதற்கு முன் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

இயல்பான வேகத்தில் வெட்டி முடித்துவிட்டு, மொத்தத்தையும் ஒரே சீராக மெதுவாக்க வேண்டிய கட்டாயமும் வரும். அப்போது 120 ஃபிரேம் கிளிப் ஒன்றிலிருந்தே புதிய சீக்வென்ஸ் உருவாக்குங்கள். அது 120-ஐ எடுத்துக்கொள்ளும். எல்லாவற்றையும் அதற்குள் வெட்டிச் சேர்த்து, அந்த சீக்வென்ஸைத் தூக்கி 24 ஃபிரேம் டைம்லைனில் வைத்து 20 சதவீதம் கொடுங்கள். டைம்லைனின் இடது மேல்மூலையில் சீக்வென்ஸை நெஸ்டாக வைக்கும் பொத்தான் ஒன்று உண்டு. அது அணைந்திருந்தால் கிளிப்கள் தனித்தனியாகச் சிதறி வந்து விழும்.

சதவீதத்தை உத்தேசமாகப் போடாதீர்கள். டைம்லைன் ஃபிரேமைக் கிளிப் ஃபிரேமால் வகுத்து வருவதுதான் சரியான வேகம். 24 ஃபிரேம் டைம்லைனில் 60 ஃபிரேம் கிளிப்புக்கு 40 சதவீதம். பலரும் 50 போடுகிறார்கள். அப்போது நொடிக்கு 30 ஃபிரேம் கிடைக்கும். இடமோ 24-க்குத்தான் என்பதால் ஐந்தில் ஒன்று கழன்றுவிழும். கேமரா சீராக நகரும் ஷாட்டில் அந்தச் சின்னத் துள்ளல் பளிச்சென்று தெரியும். 60, 120 இரண்டும் கலந்திருந்தால் இரண்டுக்குமே 40 கொடுங்கள். 120-இல் ஒன்று விட்டு ஒன்று போகும், ஆனால் ஓட்டம் சீராக இருக்கும்.

இனி ஆப்டிகல் ஃப்ளோ. 24 அல்லது 30 ஃபிரேமில் எடுத்ததை மெதுவாக்க வேண்டுமானால், இடையில் இல்லாத ஃபிரேம்களை மென்பொருளே ஊகித்து வரைய வேண்டும். அதைச் செய்வதுதான் ஆப்டிகல் ஃப்ளோ. இங்கே ஒரே வரிசைதான்: ஒவ்வொரு கிளிப்புக்கும் தனித்தனியாகப் போட்டு ரெண்டர் செய்த பிறகுதான் இணைக்க வேண்டும். இணைத்த கிளிப்பின் மேல் போட்டால், வெட்டு எங்கே விழுகிறது என்று அதற்குத் தெரியாது. முதல் ஷாட்டின் கடைசி ஃபிரேமையும் அடுத்த ஷாட்டின் முதல் ஃபிரேமையும் ஒரே அசைவாக எண்ணி, ஒரு முகத்தை இன்னொரு முகத்துக்குள் உருக்கிவிடும். 24 ஃபிரேம் கிளிப்பை 25 சதவீதமாக்கினால், ஒவ்வொரு வெட்டிலும் அப்படி மூன்று ஃபிரேம் வரும்.

தனி கிளிப்பிலும் கால்கள் ஒன்றையொன்று கடக்கும் இடம், சைக்கிள் சக்கரக் கம்பி, தெறிக்கும் தண்ணீர், கம்பிவேலிக்குப் பின்னால் ஓடும் ஆள் ஆகியவற்றில் ஆப்டிகல் ஃப்ளோ தடுமாறும். ஒரு ஃபிரேமில் மறைந்திருந்தது அடுத்ததில் வெளிப்படும்போது, அதற்கு ஒப்பிட எதுவும் இருக்காது. முழங்கால் ரப்பர் போல நெளியும் அந்த ஏழெட்டு ஃபிரேமை மட்டும் வெட்டி 'ஃபிரேம் பிளெண்டிங்' (அடுத்தடுத்த ஃபிரேம்களைக் கலப்பது) கொடுங்கள். லேசாக மங்கும், நெளியாது. 24 ஃபிரேமில் எடுத்ததை 50 சதவீதத்துக்குக் கீழே கொண்டுபோக வேண்டாம் என்பது என் கருத்து. ஷட்டர் 1/48 நொடி திறந்திருந்தபோது பதிந்த அசைவு மங்கலை எந்த மென்பொருளும் கூர்மையாக்கித் தராது. 120 ஃபிரேமில் 1/240 வைத்து எடுத்த பிம்பத்தின் தெளிவே தனி.

போன் வீடியோவுக்கு ஒரு கூடுதல் வேலை உண்டு. பல போன்கள் ஃபிரேம் வேகத்தை ஏற்றி இறக்கிப் பதிவு செய்கின்றன. கோப்பின் விவரத்தைக் காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் ஃபிரேம் ரேட் மோட் 'வேரியபிள்' என்று காட்டினால், வீடியோவை மாற்றித் தரும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் 'கான்ஸ்டன்ட்' தேர்ந்து மாற்றிய பிறகே எடிட்டிங்கைத் தொடங்குங்கள். இல்லையென்றால் மேலே சொன்ன கணக்கு எதுவும் பொருந்தாது.

ஷாட் ஆடினால் கவனம்: பிரீமியரில் ஆட்டத்தைச் சரிசெய்யும் வார்ப் ஸ்டெபிலைசரும் வேக மாற்றமும் ஒரே கிளிப்பில் சேராது. முதலில் ஆட்டத்தைச் சரிசெய்து, 120 ஃபிரேம் சீக்வென்ஸுக்குள் வைத்து, வேகத்தை வெளியே குறையுங்கள். ஆப்டிகல் ஃப்ளோ போட்ட பகுதியை ரெண்டர் செய்யாமல் ஓட்டிப் பார்த்துத் தரத்தை முடிவு செய்யாதீர்கள். டைம்லைனின் மேலுள்ள சிவப்புக் கோடு பச்சையான பிறகு பாருங்கள். எக்ஸ்போர்ட்டிலும் அதே 24 இருக்கட்டும். அங்கே 60 என்று மாற்றினால் ஃபிரேம்கள் இரண்டும் மூன்றுமாகத் திரும்ப வந்து ஓட்டம் மறுபடி திக்கும்.