கொட்டாங்கச்சி வாசல்

மார்ச் 2
12 கார்டினல் டெட்ரா மீன்கள் ஏற்கெனவே குடியிருக்கும் தொட்டியில் நேற்று அபிஸ்டோகிராமா என்ற சின்ன மீன் ஜோடி ஒன்றை விட்டேன். காக்கடுவாய்டஸ் இனம். ஆணுக்கு முதுகுத் துடுப்பு கொண்டைபோல எழுந்து நிற்கிறது. பெண்ணோ அவனில் பாதிதான், நிறமும் மங்கல். தண்ணீர் 27 டிகிரி. நியான் டெட்ராவுக்கு இந்தச் சூடு ஒத்துவராது, கார்டினல் தாங்கும்.

மார்ச் 9
பெண்ணைக் காணோம் என்று தேடினால், கவிழ்த்து வைத்த கொட்டாங்கச்சிக்குள் இருக்கிறாள். உடம்பெல்லாம் எலுமிச்சை மஞ்சள்! வாயால் மணலை அள்ளி வந்து வாசலில் துப்பித் துப்பி, தான் நுழையும் அளவுக்கு மட்டும் இடம் விட்டு அடைத்துவிட்டாள். எட்டிப் பார்க்க வந்த ஆணுக்கு மூக்கிலேயே ஓர் இடி. டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்கூரையில் கடுகளவில் சிவப்பு முட்டைகள்.

மார்ச் 17
மணலுக்கு மேலே தூசு பறப்பதாக நினைத்தேன். தூசுக்குக் கண் இருக்காதே! நாற்பது வரை எண்ணினேன். டெட்ரா ஒன்று கீழே இறங்க, அவள் உடம்பை ஒரு சிலுப்புச் சிலுப்பினாள். அத்தனை குஞ்சுகளும் மணலோடு மணலாகிவிட்டன. நேற்றே உப்புநீரில் போட்டிருந்த ஆர்ட்டீமியா (மீன்குஞ்சுகளுக்கு இரையாகும் பொடி இறால்) முட்டைகள் பொரிந்திருந்தன. கொடுத்த கொஞ்ச நேரத்தில் குஞ்சுகளின் வயிறு ஆரஞ்சுப் புள்ளியாகத் தெரிந்தது.

மார்ச் 20
டெட்ராக்களைப் பிடித்து வாளிக்கு மாற்றினேன். பாதிச் செடிகள் வேரோடு வந்துவிட்டன. பெரிய புத்திசாலித்தனம் செய்ததாக நினைப்பு வேறு. விரட்ட வேறு ஆள் இல்லாததால் அவள் ஆத்திரம் முழுவதும் புருஷன்மேல் திரும்பியது. மாலையில் அவன் கொண்டை கிழிந்து, ஹீட்டருக்குப் பின்னால் செங்குத்தாக ஒட்டிக்கொண்டு நின்றான். இருட்டுவதற்குள் 12 டெட்ராக்களையும் திரும்ப விட்டேன்.

மார்ச் 24
27 குஞ்சுகள்தான் தேறுகின்றன. விடிந்ததும் தொட்டி விளக்கைப் பட்டென்று போட்டது நான்தான். சிதறிய குஞ்சுகளைத் திரட்ட அவளுக்கு நேரமே இல்லை. என் கண்ணெதிரே இரண்டு, டெட்ரா வாய்க்குள் போயின. வாய்க்குள் அடங்குவதைத் தின்னும் மீனைத் திட்டி என்ன பயன்? இனி அறை விளக்கு முதலில், அரை மணி கழித்துத்தான் தொட்டி விளக்கு.

மார்ச் 25
தண்ணீர் மாற்றினேன், பத்தில் ஒரு பங்கு மட்டும். குழாய் முனையில் பஞ்சு கட்டியிருந்தும் ஒரு குஞ்சு வாளிக்கு வந்துவிட்டது. கரண்டியால் அள்ளித் தாயிடமே சேர்த்தேன்.

ஏப்ரல் 2
குஞ்சுகள் இப்போது 21. சூடு கூடினால் இந்த இனத்தில் ஆண் குஞ்சுகள் மிகுந்துவிடும் என்பதால் ஹீட்டரை 26க்கு இறக்கியிருக்கிறேன். தாயின் மஞ்சள் மங்கத் தொடங்கியது. குஞ்சு ஒன்று டெட்ராக் கூட்டத்துக்கு நடுவே நீந்தியது, பார்த்தாள், போகவில்லை. கிழிந்த கொண்டையை விரித்துக்கொண்டு ஆண் பக்கத்தில் வந்து நின்றான். இன்று இடி விழவில்லை. மாலையில் பார்க்கிறேன், கொட்டாங்கச்சி வாசலில் ஒரு வாய் மணலைத் துப்பிக்கொண்டிருக்கிறாள்.