புரோட்டீன் பவுடர் வாங்கும் முன் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

"எந்தப் புரோட்டீன் பவுடர் வாங்கலாம் அக்கா?" எடை குறைப்பு ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிய கையோடு இதைக் கேட்பவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். ஒரு பிராண்டின் பெயரைச் சொல்லிவிட்டால் அவர்களுக்கும் வேலை முடிந்தது, எனக்கும் முடிந்தது. ஆனால் எனக்கு ஒத்துக்கொண்ட பவுடரை, நான் செய்துகொண்ட அதே ஸ்லீவ் ஆபரேஷனைச் செய்துகொண்ட இன்னொரு பெண்ணால் வாயில் வைக்கவே முடியவில்லை. அவர் ரசித்துக் குடித்த சாக்லேட் பவுடரின் வாசனை எனக்குக் குமட்டியது. அதனால் பெயர் சொல்ல மாட்டேன், எப்படிப் பார்த்து வாங்குவது என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் இது எதற்கு என்று ஒரு வார்த்தை. ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள், மிச்சம் இருப்பது 100 முதல் 150 மில்லி கொள்ளும் ஒரு குழாய். இரைப்பையைச் சின்னதாக்கிச் சிறுகுடலோடு நேராக இணைக்கும் பைபாஸில் இன்னும் சின்னதாக, 30 மில்லி அளவுக்கு ஒரு பை, அதோடு சிறுகுடலின் முதல் பகுதியையே சாப்பாடு தொடாமல் போய்விடும். ஆனால் ஒரு நாளைக்கு வேண்டிய புரதம் மட்டும் குறைவதில்லை, பெரும்பாலான டயட்டீஷியன்கள் 60 முதல் 80 கிராம் என்பார்கள். அது கிடைக்காவிட்டால் உடம்பு கொழுப்போடு சேர்த்துத் தசையையும் கரைத்துக்கொள்ளும். எடை பார்க்கும் மெஷினுக்கு இரண்டும் ஒன்றுதான், முள் இறங்கினால் நமக்குச் சந்தோஷம், ஆனால் படி ஏறும்போது தொடை நடுங்கும். மூன்றாவது மாதத்துக்கு மேல் முடி கொட்டுவதற்கும் புரதத்துக்கும் தொடர்பு உண்டு என்றாலும் எல்லாப் பழியையும் அதன் மேல் போட முடியாது. ஆபரேஷனும் வேகமாக எடை இறங்குவதும் உடம்புக்குக் கொடுக்கும் அதிர்ச்சியிலேயே முடி கொட்டும், புரதமும் இரும்பும் துத்தநாகமும் குறைந்தால் இன்னும் மோசமாகும். "முடி கொட்டுவதை நிறுத்தும் புரோட்டீன்" என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

இப்போது டப்பாவுக்கு வருவோம். கடையில் இருக்கும் டப்பாக்களில் பெரும்பாலானவை ஜிம் பையன்களுக்காகச் செய்தவை. ஒரு ஸ்கூப்பை 250 மில்லி தண்ணீரில் கலக்கிக் குடிக்கச் சொல்லும். ஆபரேஷன் முடிந்த புதிதில் நம்மால் 250 மில்லியை ஒரே மூச்சில் குடிக்கவே முடியாது, குடித்தால் நெஞ்சுக்கு நடுவில் கல் வைத்த மாதிரி வலிக்கும், இல்லாவிட்டால் அப்படியே வெளியே வந்துவிடும். நாம் குடிப்பது அரை ஸ்கூப், 100 மில்லியில், அரை மணி நேரம் உட்கார்ந்து சின்னச் சின்ன மடக்காக. அதனால் நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ருசி இல்லை, இவ்வளவு கொஞ்சம் தண்ணீரில் எவ்வளவு புரதம் போகும் என்பதுதான்.

அதற்கு ஒரு கணக்கு போதும். பின்பக்கத்தில் ஒரு ஸ்கூப் எத்தனை கிராம், அதில் புரதம் எத்தனை கிராம் என்று போட்டிருக்கும். 33 கிராம் ஸ்கூப்பில் 24 கிராம் புரதம் என்றால் எழுபது சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே, பரவாயில்லை. 30 கிராமில் 25 என்றால் இன்னும் நல்லது. 40 கிராம் பவுடரில் 10 கிராம்தான் புரதம் என்றால் மீதி 30 கிராம் என்ன? பெரும்பாலும் மாவுச்சத்துதான். "மாஸ் கெயினர்" என்று எழுதியிருக்கும் டப்பாக்கள் இந்த வகைதான், எடை ஏறுவதற்காகவே செய்தவை. சிரிக்காதீர்கள், பெரிய டப்பா, விலையும் மலிவு என்று அதை வாங்கிக்கொண்டு வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் டயட்டீஷியனிடம் காட்டியவரை நான் பார்த்திருக்கிறேன்.

விலையையும் கிலோவுக்கு இவ்வளவு என்று பார்க்கக் கூடாது, ஒரு கிராம் புரதத்துக்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். சும்மா ஒரு உதாரணத்துக்கு, ஒரு கிலோ 3000 ரூபாய், அதில் 800 கிராம் புரதம் என்றால் கிராமுக்கு மூன்றே முக்கால் ரூபாய். இன்னொன்று கிலோ 1200 ரூபாய்தான், ஆனால் 300 கிராம்தான் புரதம் என்றால் கிராமுக்கு நாலு ரூபாய். மலிவு என்று நினைத்ததுதான் அதிக விலை, வயிற்றிலும் அதுதான் அதிக இடம் பிடிக்கும்.

வகைகளில் வே புரோட்டீன்தான் பரவலாகக் கிடைக்கிறது. பால் திரிந்தால் பிரியும் தண்ணீரில் இருப்பது. கான்சென்ட்ரேட், ஐசோலேட் என்று இரண்டு விதம் உண்டு. கான்சென்ட்ரேட்டில் பாலின் சர்க்கரையான லாக்டோஸ் கூடுதல், ஐசோலேட்டில் அதைப் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள், புரதம் 90 சதவீதம் வரை போகும். நமக்கு ஏன் இந்த வித்தியாசம் முக்கியம் என்றால், அதுவரை தினமும் இரண்டு டம்ளர் காபி குடித்துக்கொண்டிருந்தவர்களுக்கே ஆபரேஷனுக்குப் பிறகு பால் ஒத்துக்கொள்ளாமல் போவதுண்டு, முக்கியமாக பைபாஸ்காரர்களுக்கு. குடித்த கொஞ்ச நேரத்தில் வயிறு உப்புகிறது, கடமுடா என்கிறது, பாத்ரூமுக்கு ஓட வேண்டியிருக்கிறது என்றால் உடனே புரோட்டீனே ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். கான்சென்ட்ரேட்டிலிருந்து ஐசோலேட்டுக்கு மாறிப் பாருங்கள், பாலில் கலக்காமல் தண்ணீரில் கலக்கிப் பாருங்கள்.

பால் பொருளே வேண்டாம் என்பவர்களுக்கு சோயா ஐசோலேட் தாராளமாகப் போதும், தரத்தில் பால் புரதத்துக்குப் பக்கத்தில் நிற்கும். பட்டாணிப் புரதமும் நல்லதுதான், ஆனால் மண் வாசனை அடிக்கும், அதில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் (புரதத்தைக் கட்டும் செங்கற்களில் ஒன்று) குறைவு, அதனால் அரிசிப் புரதத்தோடு கலந்து விற்பார்கள். கொலாஜனை மட்டும் நம்பாதீர்கள். முகம் பளபளக்கும் என்று சொல்லி நம்மைப் போல எடை இறங்கித் தோல் தொங்கியவர்களிடம்தான் அதை அதிகம் விற்கப் பார்க்கிறார்கள். அதில் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலமே கிடையாது, அதனால் அது முழுமையான புரதம் ஆகாது. ஆசைக்குக் குடித்துக்கொள்ளுங்கள், 60 கிராம் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சர்க்கரை விஷயத்துக்கு வந்தால் முன்பக்கத்து எழுத்துக்கும் பின்பக்கத்து எழுத்துக்கும் நடக்கும் சண்டை தெரியும். "சர்க்கரை சேர்க்கப்படாதது" என்று பெரிதாகப் போட்டிருக்கும். உள்ளே என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலில் மாவுச்சத்திலிருந்து செய்யும் மால்டோடெக்ஸ்ட்ரின் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ நிற்கும். அளவில் அதிகம் இருப்பதை முதலில் எழுத வேண்டும் என்பது விதி, அதனால் வரிசையே கதையைச் சொல்லிவிடும். மால்டோடெக்ஸ்ட்ரின் இனிப்பாகத் தெரியாது, ஆனால் ரத்தத்தில் சர்க்கரையை வெல்லத்தைவிட வேகமாக ஏற்றும். பைபாஸ் செய்தவர்களுக்கு இப்படிப்பட்டது சட்டென்று சிறுகுடலில் இறங்கினால் டம்பிங் என்ற தொல்லை வரும், வியர்க்கும், படபடக்கும், தலை சுற்றும், வயிறு கலக்கும். ஸ்லீவ்காரர்களுக்குக் குறைவு, ஆனால் வராது என்று சொல்ல முடியாது. ஒரு ஸ்கூப்புக்கு 5 கிராமுக்குள் சர்க்கரை இருந்தால் நான் வாங்குவேன். சார்பிட்டால், மால்டிட்டால் போன்ற இனிப்பூட்டிகள் இருந்தால் வாயுத் தொல்லை தனியாக வரும், பஸ்ஸில் போகும் நாளில் முயற்சி செய்யாதீர்கள்.

சரி, லேபிளில் போட்டிருப்பதை நம்பலாமா? இதில் எனக்குக் கொஞ்சம் கசப்பு உண்டு. புரதத்தை அளக்கும் வழக்கமான முறை நேரடியாகப் புரதத்தை எண்ணுவதில்லை, நைட்ரஜனை அளந்து 6.25 போன்ற ஒரு எண்ணால் பெருக்குகிறது. அதனால் கிளைசின், டாரின் போன்ற நைட்ரஜன் உள்ள மலிவான சரக்கைச் சேர்த்தால் நைட்ரஜன் ஏறும், காகிதத்தில் புரதம் ஏறும், உடம்பில் ஏறாது. 2008இல் சீனாவில் குழந்தைகளுக்கான பால் பவுடரில் நைட்ரஜன் நிறைந்த மெலமைன் என்ற ரசாயனத்தைக் கலந்தது இதே ஓட்டையில்தான், சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். நம் ஊரிலும், 2024இல் 'மெடிசின்' என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வில், கேரள மருத்துவர் ஒருவரின் குழு இந்தியச் சந்தையில் விற்கும் 36 புரதப் பொருள்களைச் சோதித்தது. ஏறக்குறைய 70 சதவீதத்தில் போட்டிருந்த புரத அளவும் உள்ளே இருந்த அளவும் பொருந்தவில்லை, 14 சதவீதத்தில் பூஞ்சை நச்சான அஃப்ளடாக்சின், 8 சதவீதத்தில் பூச்சிமருந்து எச்சம். கட்டு மஸ்தான ஆளுக்கு அரை ஸ்கூப் ஏமாற்றினால் அவன் ஒரு தட்டு சிக்கன் கூடச் சாப்பிட்டுக்கொள்வான், நமக்கு வயிற்றில் அதற்கு இடமே கிடையாது. அதனால் பட்டியலில் கிளைசின், டாரின், கிரியேட்டின் என்று தனியாக எழுதியிருந்தால் நான் டப்பாவை அலமாரியிலேயே வைத்துவிடுவேன். மூலிகைகள் கலந்ததும் அப்படித்தான். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ கொடுக்கும் லைசன்ஸ் எண் 14 இலக்கம், அது இருக்கிறதா பாருங்கள். வெளிநாட்டு டப்பா என்றால் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரியோடு ஸ்டிக்கர் இருக்க வேண்டும். வெளி ஆய்வுக்கூடத்தில் சோதித்த அறிக்கையைத் தொகுப்பு எண்ணோடு வெளியிடும் கம்பெனிகள் சில இருக்கின்றன, அதற்குக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கலாம்.

இதையெல்லாம் பார்த்து வாங்கின பிறகும் நாக்கு ஒத்துழைக்க வேண்டுமே. ஆபரேஷனுக்குப் பிறகு ருசியும் வாசனையும் மாறிவிடும் என்று முன்னாலேயே சொல்வார்கள், ஆனால் இவ்வளவு மாறும் என்று யாரும் நினைப்பதில்லை. ஸ்வீட் இல்லாமல் சாப்பாடு முடியாதவர்களுக்கே இனிப்பு திகட்டிவிடுகிறது. அதுவும் ஒரே நிலையாக இருக்காது, இந்த மாதம் பிடித்தது அடுத்த மாதம் பிடிக்காது. அதனால் ஆஃபரில் கிடைக்கிறது என்று இரண்டு கிலோ டப்பாவை ஆபரேஷனுக்கு முன்னாலேயே வாங்கி அடுக்கிவிடாதீர்கள். ஒரு வேளைக்கான சாஷேக்களாக நான்கைந்து வகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அதில் ஒன்றாவது இனிப்பும் வாசனையும் இல்லாததாக இருக்கட்டும்.

என்னைக் காப்பாற்றியது அந்த வாசனை இல்லாத பவுடர்தான். வனிலா, சாக்லேட், மாம்பழம் எல்லாம் சலித்துப் போன பிறகு உப்புப் போட்ட நீர்மோரில் கலக்கிக் குடித்தேன், பெருங்காயமும் கறிவேப்பிலையும் போட்டால் பவுடர் இருப்பதே தெரியாது. ரசத்திலும் கலக்கலாம், ஆனால் கொதிக்கக் கொதிக்கப் போட்டால் திரிந்து கட்டி கட்டியாக நிற்கும். சத்து ஒன்றும் போய்விடாது, குடிக்கத்தான் முடியாது. முதலில் இரண்டு ஸ்பூன் ஆறின தண்ணீரில் பவுடரைக் குழைத்துக்கொண்டு, ரசம் வாய் பொறுக்கும் சூட்டுக்கு இறங்கின பிறகு மெதுவாக ஊற்றிக் கலக்கினால் கட்டி தட்டாது. மிளகு, புளி எல்லாம் எந்த வாரத்திலிருந்து என்று உங்கள் டயட்டீஷியனைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஷேக்கரில் வேகமாகக் குலுக்கினால் நுரை கட்டும், அந்த நுரையைக் குடித்தால் காற்றும் சேர்ந்து உள்ளே போகும், சின்ன வயிற்றில் அது பெரிய வலி. பத்து நிமிஷம் அப்படியே வைத்துவிட்டுக் குடியுங்கள்.

அப்புறம் வீட்டுப் பெரியவர்கள். "டப்பா மாவெல்லாம் எதுக்கும்மா, சத்துமாவுக் கஞ்சி குடி, பருப்புத் தண்ணி குடி" என்பார்கள். அன்பில் சொல்வதுதான், ஆனால் சத்துமாவில் பெரும்பகுதி மாவுச்சத்து. பருப்பு வெந்த தண்ணீரை மேலாக இறுத்தால் புரதம் பருப்போடு கீழேயே நின்றுவிடும். பருப்பையும் சேர்த்து நைசாக அரைத்தால்தான் ஏதோ கொஞ்சம் தேறும். மால்ட் பானங்களும் அப்படித்தான், 100 கிராமில் பத்து கிராம் சொச்சம் புரதம், மீதியில் சர்க்கரை தாராளம். நான் மாமியாரிடம் வாதாடவில்லை, டப்பாவின் பின்பக்கத்தைக் கணக்கோடு படித்துக் காட்டினேன், இப்போது அவரே மளிகைக் கடையில் பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கிறார்.

மாத்திரை விஷயத்தை லேசாக விடாதீர்கள். பாலில் கலந்த ஷேக்கோடு இரும்பு மாத்திரையைப் போட்டால் கால்சியம் அதை உறிஞ்ச விடாது, இரண்டு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். தைராய்டு மாத்திரை போடுபவர்கள் சோயா எடுத்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டு இடைவெளி கேட்டுக்கொள்ளுங்கள். கிட்னியில் பிரச்சினை இருப்பவர்களுக்கு நான் இங்கே சொன்ன கிராம் கணக்கே பொருந்தாது. பவுடரில் விட்டமின் சேர்த்திருக்கிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த விட்டமின் மாத்திரையை நிறுத்தவும் கூடாது. எந்தப் பவுடர் குடித்தாலும், தண்ணீர் குடித்தால் கூட வாந்தி என்று நாள்கணக்கில் போனால் பிராண்டை மாற்றிக்கொண்டு இருக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விடாத வாந்தியில் விட்டமின் பி1 குறைந்தால் நரம்பையும் மூளையையும் பாதிக்கும்.

கெட்டியான சாப்பாடு ஆரம்பித்த பிறகு பவுடரின் பங்கு தானாகக் குறையும். இரண்டு முட்டையில் 12 கிராம், 50 கிராம் மீனில் 10, அதே அளவு பனீரில் 9. சைவக்காரர்களுக்கு மீல் மேக்கர் நல்ல துணை, உலர்ந்த நிலையில் 100 கிராமில் 50 கிராமுக்கு மேல் புரதம், ஊற வைத்துப் பிழிந்து பொடியாக நறுக்கிச் சமைத்தால் மெல்லவும் சுலபம். தட்டில் முதலில் புரதம், அப்புறம் காய், இடம் இருந்தால் சோறு என்று போனால் நாளைக்கு 40, 45 கிராம் சாப்பாட்டிலேயே வந்துவிடும், மிச்சத்துக்கு ஒரே ஒரு ஸ்கூப். நான் இப்போது வெளியூர் போகும் நாள்களிலும் கல்யாண வீட்டுப் பந்தியில் புரதமே இல்லாத நாள்களிலும்தான் எடுக்கிறேன், கைப்பையில் இரண்டு சாஷே எப்போதும் கிடக்கும்.

ஷேக்கரை மட்டும் குடித்தவுடன் கழுவிவிடுங்கள். சென்னை வெயிலில் மூடி போட்டு ஒரு மதியம் காருக்குள் விட்டுவிட்டால், அதற்குப் பிறகு அந்த ஷேக்கருக்குப் புளியும் பேக்கிங் சோடாவும் போட்டாலும் பயன் இல்லை, புதுசு வாங்க வேண்டியதுதான்.