எக்ஸ்மூர்: மேலே மேடு, கீழே ஆறு

எக்ஸ்மூரை நடந்து பார்க்க நினைப்பவர்கள் ஆகஸ்டில் போங்கள். இங்கிலாந்தின் தென்மேற்கில், சாமர்செட்டும் டெவனும் சேரும் இடத்தில் உள்ள இந்த மேட்டுநிலம் ஹெதர் என்ற குறும்புதர் பூத்து ஊதாவாகக் கிடக்கும் மாதம் அது. உச்சியான டன்கெரி பீக்கனே 519 மீட்டர்தான். ஆனாலும் மரமில்லாத வெட்டவெளி. காற்று ஆளைத் தள்ளும்.

எனக்கு அதைவிடப் பிடித்தது கீழே பார்ல் ஆற்றுப் பாதை. டல்வர்ட்டனிலிருந்து ஆற்றை ஒட்டி, ஓக் மரங்களுக்கு நடுவே மேல்நோக்கி நடந்தால் டார் ஸ்டெப்ஸ் வரும். காரை பூசாமல், பலகைக் கற்களை அடுக்கியே கட்டிய 17 கண் பாலம். டன் கணக்கில் எடையுள்ள அந்தக் கற்களையும் வெள்ளம் உருட்டிவிடும். திரும்ப அதே இடத்தில் வைக்கக் கற்களுக்கு எண் போட்டிருக்கிறார்கள்! அந்தப் பிடிவாதம் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

இங்கே மழையை லேசாக எடுக்காதீர்கள். மேட்டு மண் ஏற்கெனவே ஊறிப்போயிருந்தால் பெய்வதெல்லாம் குறுகிய பள்ளத்தாக்குகளில்தான் இறங்கும். 1952 ஆகஸ்ட் 15 இரவு லின்மவுத் ஊரில் அப்படி வந்த வெள்ளத்தில் 34 பேர் இறந்தார்கள். இரண்டு ஆறுகள் சேரும் வாட்டர்ஸ்மீட்டிலிருந்து அந்த ஊருக்கு ஆற்றோரமாக இறங்கும் பாதை மிக அழகு. ஆனால் அந்த இரவை நினைக்காமல் என்னால் அதில் நடக்க முடிவதில்லை.

வழிக்கம்பங்களில் மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கு. நீலத்தில் குதிரையும் சைக்கிளும் வரும். மேட்டில் மூடுபனி இறங்கினால் அம்பும் தெரியாது, பல இடங்களில் சிக்னலும் இருக்காது. காகித வரைபடமும் திசைகாட்டியும் கட்டாயம் கையில் இருக்கட்டும்.